மாறும் உடலும் மாறாத ஏடுகளும்

இரண்டாவது உலக யுத்தத்தின் தொடக்க ஆண்டுகள். இங்கிலாந்தின் மேற்குத் துறைமுக நகரமாகிய பிறிஸ்டலின்மீது ஜேர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்துகொண்டிருந்தன. 1940ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி இரவு நிகழ்ந்த தாக்குதலில் நகரின் பழைய மத்திய பகுதி தீக்கிரையாயிற்று. அந்நகரின் மோட்டார் கராஜ் ஒன்றிலே பெற்றோல் நிரப்பியும், பின்னர் பழுதுற்ற வாகனங்களை இழுத்துவரும் வண்டியை ஓட்டியும், இரவு வேளைகளில் எரிகுண்டு விழுந்தால் அணைப்பதற்கெனக் காவலிருந்தும் உழைத்த ஒருவரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். பெற்றோல் வாங்க வந்தவர்களின் கண்ணுக்கு அவர் ஓர் இளைஞர். உடன் வேலை செய்தவர்களின் வாயிலோ அவர் ஒரு பெண். ஒரே மனிதர், ஒரே வேலையுடை, ஒரே நாள். பெற்றோல் குழாயடியில் ஆணாக நின்றவர் பத்தடி உள்ளே சென்றதும் பெண்ணாக்கப்பட்டார்.

அவர் பெயர் மைக்கல் டிலன். 1915ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி லண்டனிற் பிறந்தவர். அயர்லாந்திலே பரம்பரைப் பட்டம் பெற்ற நிலப்பிரபுக் குடும்பமொன்றின் வழித்தோன்றல். பிறந்து சில நாட்களுள் தாயை இழந்து, போக்ஸ்ரன் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் மாமிமாரால் வளர்க்கப்பட்டார். ஒக்ஸ்போர்டிற் பெண்களுக்கான கல்லூரியிற் பயின்றார். அங்கே பெண்கள் படகோட்டச் சங்கத்திற்குத் தலைமை தாங்கினார். பிறப்புப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெண்பெயரை இங்கே எடுத்தெழுத வேண்டிய தேவையெதுவும் இல்லை. அப்பெயரால் அழைக்கப்பட்ட காலத்திலும் தாம் ஆண் என்ற உணர்வு அவரிடம் உறுதியாக இருந்தது. இன்று நாம் திருநம்பி என்று மதிப்போடு குறிப்பிடும் மாந்தருள், ஓமோன் சிகிச்சையின் துணைகொண்டு உடலை மாற்றிக்கொண்டவர்களில் மிக முற்பட்டவர் அவர்.

பால்மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தொடக்கத்தையும் முடிவையுமே பேசுவர். முன்னே ஒரு புகைப்படம், பின்னே ஒரு புகைப்படம். இடையிலுள்ள ஆண்டுகள் எங்கே போயின? உடல் ஓரிரவில் மாறுவதில்லை. அது பலர் பார்த்திருக்க, வேலைத்தலத்திலும் தெருவிலும் கடையிலும், மெல்ல மெல்ல மாறுகிறது. அந்த இடைக்காலத்தை ஒருவர் எவ்வாறு கடந்தார், அதைக் கடப்பதற்கு அவரிடம் சமூகம் என்ன விலை கேட்டது என்பதே என் அக்கறை.

முதலில் மருந்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தெஸ்தெஸ்தரோன் என்னும் ஆண் ஓமோன் 1935ஆம் ஆண்டிலேதான் அம்ஸ்ரடாம் ஆய்வாளர்களாற் பிரித்தெடுக்கப்பட்டுப் பெயரிடப்பட்டது. அதே ஆண்டில் புற்றெனான்ற் என்பவரும் ருசிக்கா என்பவரும் தனித்தனியே அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். 1939இல் இருவருக்கும் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. புற்றெனான்ற் அதனை ஏற்கவிடாது நாசி அரசு தடுத்தது. ஓமோன் ஆராய்ச்சி வளர்ந்த அதே ஜேர்மனியில், பேர்லினிலே மக்னஸ் ஹேர்ஷ்பெல்ட் 1919இல் நிறுவிய பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6ஆம் திகதி சூறையாடி, நான்கு நாட்களின் பின் அதன் நூல்களை பொதுச் சதுக்கத்திற் குவித்து எரித்ததும் அதே அரசுதான். பால்மாற்றம் நாடியோருக்கு அன்று உலகில் இருந்த தலைசிறந்த புகலிடம் இவ்வாறு சாம்பலாயிற்று. ஆறு ஆண்டுகளின் பின் டிலன் உதவி தேடிப் புறப்பட்டபோது அவருக்கு வழிகாட்ட ஒரு நிறுவனமும் இருக்கவில்லை.

1939இல் அவர் ஜோர்ஜ் பொஸ் என்ற வைத்தியரிடம் சென்றார். மாதவிடாயில் மிகுதியாக உதிரம் போகும் பெண்களுக்குத் தெஸ்தெஸ்தரோனைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர் அவர். அம்மருந்து உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தியது. ஆனாற் குரலைத் தடிக்கச் செய்து, முகத்தில் உரோமத்தையும் அரும்பவைத்தது. பெண்களைப் பொறுத்தவரை வேண்டாத பக்கவிளைவு. டிலனுக்கோ அந்தப் பக்கவிளைவே வேண்டிய மருந்து. பொஸ் அவருக்கு அம்மாத்திரைகளைக் கொடுத்தார்.

இம்மருந்து உடலில் என்ன செய்யும் என்பதை ஆசிரியத் தொழில் புரிவோருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் நாம் ஆண்டுதோறும் காண்பதுதான் அது. சென்ற தவணை வரை கணீரென்று தேவாரம் பாடிய பையன் இந்தத் தவணை வாய் திறந்தால் குரல் இரண்டாகப் பிளக்கிறது. முகத்திற் பரு, மேலுதட்டிற் பூனைமயிர், தோளில் ஒரு முறுக்கு. ஓமோன் பெறும் திருநம்பிக்கும் இதே ஒழுங்கிற்றான் யாவும் நிகழ்கின்றன. குரல் சில மாதங்களிலே உடையத் தொடங்குகிறது. உடைந்த குரல் மீள்வதில்லை. மாதவிடாய் நின்றுபோகிறது. உடற்கொழுப்பு இடம் மாறுகிறது. தாடி மட்டும் அவசரப்படுவதில்லை. அது நிறைவதற்கு ஆண்டுகள் செல்லும். பையனின் குரல் பிளந்தால் வகுப்பு சிரிக்கும். நாமும் ஒருகணம் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வோம். அவனிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. இருபத்துநான்கு வயதில், பெண் என்று ஊரறிந்த ஒருவரின் குரல் பிளந்தால் ஊர் முழுவதும் காரணம் கேட்கும்.

கேட்டது. சிகிச்சைக்கு முன்னோடியாக உளநோய் வைத்தியர் ஒருவரைக் காணுமாறு பொஸ் டிலனைப் பணித்திருந்தார். நோயாளி நம்பிச் சொன்னதை அந்த உளநோய் வைத்தியர் வெளியே கதைத்துவிட்டார். செய்தி பரவியது. ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிந்துகொண்டிருந்த டிலனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. உடலில் மாற்றம் தெளிவாகத் தெரியுமுன்னரே வாய்ப்பேச்சு அவரை வெளியே தள்ளிவிட்டது. இக்கதையில் முதலாவது காயத்தை விளைவித்தது ஓமோனுமன்று, சத்திரமுமன்று; படித்த ஒருவரின் நாக்கு.

இவ்வாறுதான் ஒக்ஸ்போர்ட் பட்டதாரி ஒருவர் பிறிஸ்டலிலே கராஜ் தொழிலாளியானார். யுத்த காலத்தில் ஆட்பஞ்சம். எவர் வந்தாலும் வேலை கொடுக்கவேண்டிய நிலை. எண்ணெய் படிந்த வேலையுடை எல்லா உடலையும் ஒரே உருவமாக்கிவிடும். அவ்வுடைக்குள்ளே மாற்றம் நடந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்கு எத்தனையோ பேர் வந்து போயினர். அவர்கள் முன்னைய டிலனை அறியாதவர்கள். கண்ட தோற்றத்தையும் கேட்ட குரலையும் கொண்டு அவரை ஆண் என்றே எடுத்துக்கொண்டனர். உடன் வேலை செய்தோருக்கோ பழைய பெயர் தெரியும். அவர்கள் 'அவள்' என்றே சொல்லிவந்தனர். தொழிலாளர் என்பதனாலேயே அவர்களைக் குற்றத்தினின்று விலக்கி எழுத எனக்கு மனமில்லை. உழைப்பாற் சகோதரரானவர்களே ஒருவரை நாள்தோறும் ஒரு சொல்லாற் கிள்ளிக்கொண்டிருந்தனர். வந்தவர்களிடம் பெற்ற மதிப்பை உள்ளே இழந்து, உள்ளே இழந்ததை மறுநாட் காலை வெளியே மீட்டு, ஆண்டுக்கணக்கில் அவர் அங்கேயே உழைத்தார்.

ஈற்றில் கராஜின் முகாமையாளர் ஓர் உத்தரவு இட்டார். இனி எல்லோரும் டிலனை ஆண்பாற் சொல்லாலேயே குறிப்பிடவேண்டும். ஏன்? பெற்றோல் வாங்க வருபவர்கள் குழம்பிப்போகிறார்களாம். வியாபாரத்துக்கு இடைஞ்சல்! சட்டம் செய்யாததை, விஞ்ஞானம் செய்யாததை, தோழமை செய்யாததை வியாபார வசதி செய்து முடித்தது. இதனைப் பெருந்தன்மை என்று போற்ற வேண்டியதில்லை. எனினும் அந்த உத்தரவின் பின்னர் டிலன் கராஜின் உள்ளும் புறமும் ஒருவராயினர் என்பதை மறுக்கவும் முடியாது.

தமிழிலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். ஆங்கிலத்தில் ஒருவரைப் படர்க்கையிற் சுட்டுவதானால் ஆணா பெண்ணா என்று முடிவு செய்யாமல் வாக்கியம் எளிதில் நகராது. நமக்கு 'அவர்' என்ற புகலிடம் உண்டு. மரியாதை பாலை மறைத்துவிடும். ஆயினும் யாருக்கு 'அவர்', யாருக்கு 'அவன்' 'அவள்' என்பதைச் சாதியும் செல்வமும் தீர்மானித்துவந்தன என்பதையும் நாம் அறிவோம். நன்னூலார் பெயரியலிலே பேடு பற்றி ஒரு விதி செய்கிறார். பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை அவாவுவோரை ஆண்பாலாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. பதிவேட்டைப் பார்க்கச் சொல்லவில்லை; உடலைச் சோதிக்கச் சொல்லவில்லை; அவாவையே அளவுகோலாக்கினார். பிறிஸ்டல் முகாமையாளர் 1940களில் வந்தடைந்த முடிவுக்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே பவணந்தி வந்திருந்தார் எனலாம். அத்துடன் நிறுத்தியிருந்தால் நாம் மார்தட்டிக்கொள்ளலாம். அதே சூத்திரத்தின் முடிவில், இவர்கள் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்று அவரே எழுதியிருக்கிறார். வகுப்பிலே முதலடியை மட்டும் விளக்கிவிட்டு ஈற்றடியைத் தாண்டிச் செல்ல எனக்கும் சிலவேளை ஆசை எழுவதுண்டு.

ஓமோன் செய்யாத ஒன்றுண்டு. வளர்ந்துவிட்ட மார்பை அது கரைக்காது. குரலும் தோளும் தாடியும் ஒரு பக்கம் இழுக்க, மார்பு மறுபக்கம் காட்டிக்கொடுக்கும். துணியால் இறுக்கிக் கட்டி மறைப்பது திருநம்பியர் பலர் காலங்காலமாகக் கைக்கொண்ட வழி. நாள் முழுதும் இறுகக் கட்டினால் மூச்சு முட்டும், விலாவும் முதுகும் நோகும், தோல் புண்படும். பாரம் தூக்கும் தொழிலாளிக்கு அது எத்தகைய தண்டனை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கோடையிலும் தடித்த மேற்சட்டை, முன்னோக்கி வளைத்த தோள், நெஞ்சோடணைத்த பை என்று இன்றும் இளையோர் சிலர் கையாளும் தந்திரங்கள் யாவும் இந்த ஒரே காரணத்தினின்று பிறந்தவை. கூனி நடக்கிறான் என்று நாம் வகுப்பிற் கண்டித்த மாணவன் எதை மறைத்து நடந்தான் என்பது நமக்கெப்படித் தெரியும்?

டிலனுக்கு விடுதலை தற்செயலாக வந்தது. இரத்தத்திற் சீனி குறைந்து மயங்கி விழும் நோய் அவருக்கு இருந்தது. இருமுறை விழுந்து தலையிற் காயமுற்றார். இரண்டாம் முறை பிறிஸ்டல் வைத்தியசாலையிற் கிடந்தபோது ஒட்டறுவைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் கவனத்துக்கு ஆளானார். அக்காலத்தில் உலகிலேயே அத்துறை நிபுணர் மிகச் சிலர். அவர் 1942இல் டிலனின் மார்பை அகற்றினார். அதனினும் பெரிதான வேறொன்றும் செய்தார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் திருத்துவதற்குரிய வைத்தியக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். யுத்த கால இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் அடையாள அட்டையோடு திரியவேண்டும். உணவுக்குப் பங்கீட்டு அட்டை, துணிக்கும் பங்கீடு. முகத்தில் மீசையும் அட்டையிற் பெண்பெயரும் கொண்டு ஒருவர் எத்தனை கடைவாசல்களில் நிற்கமுடியும்? 1944இல் பதிவேடு திருத்தப்பட்டது. லோரன்ஸ் மைக்கல் டிலன் சட்டப்படி ஆணாயினார்.

திருத்தம் என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். மனிதர் மாறினார் என்று பதிவேடு ஒப்புக்கொள்ளவில்லை. பிறந்தபோது எழுதியதிலே பிழை நேர்ந்துவிட்டது என்றே ஒப்புக்கொண்டது. உண்மைக் காரணத்தைச் சொன்னாற் கதவு திறக்காது. பிழை என்று சொன்னால் திறக்கும். நம் நாட்டிலே 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபம் ஒன்றின் வழியாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. அதனைக் கொண்டு பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மாற்றலாம். காரணத்தைப் பொய்யாக்க வேண்டியதில்லை. இது முன்னேற்றமே. ஆயினும் அங்கும் வழி உளநோய் வைத்தியரின் அறையூடாகவே செல்கிறது. டிலன் முதன்முதலிற் காட்டிக்கொடுக்கப்பட்டது அத்தகைய ஓர் அறையிலேதான் என்பதை நினைவிற்கொள்வது நன்று.

பதிவேடு திருந்திய பின் டிலன் 1945இல் டப்ளின் நகரின் திரித்துவக் கல்லூரியில் வைத்தியம் பயிலச் சேர்ந்தார். அதற்குப் பழைய பட்டம் தேவைப்பட்டது. பட்டமோ பெண்கள் கல்லூரியின் பெயரில் இருந்தது. முன்னாள் ஆசிரியர் ஒருவர் ஒக்ஸ்போர்ட் பதிவாளரிடம் பேசி, ஆண்களுக்கான வேறொரு கல்லூரியில் அவர் பயின்றதாக ஏட்டை மாற்றுவித்தார். நெஞ்சைத் தொடும் உதவிதான். ஆனால் இந்த உதவி யாருக்குக் கிடைக்கும்? பதிவாளரின் கதவைத் தட்டக்கூடிய ஆசிரியர்கள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பேர்லின் நிறுவனத்திலே சிகிச்சை பெற்ற டோரா றிக்டர் என்ற திருநங்கையை இங்கே நினைக்கவேண்டும். பொகேமிய மலைப்பகுதியில் ஏழை உழவர் குடும்பத்தில் 1892இற் பிறந்தவர். 1922இலும் 1931இலும் சத்திரசிகிச்சை பெற்றார். அந்த இடைக்காலத்தில் அவருக்கு வேலை கொடுக்கப் பேர்லினில் வேறெவர் முன்வருவர்? நிறுவனமே அவரையும் அவர் போன்ற வேறு சிலரையும் வீட்டுப் பணிப்பெண்களாக வைத்துக்கொண்டது. 1933இன் தாக்குதலில் அவர் மாண்டார் என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். அவர் 1966 வரை வாழ்ந்தார் என்பது அண்மை ஆண்டுகளிலேதான் தெரியவந்தது. நிலப்பிரபு குடும்பத்துப் பிள்ளைக்கு ஏடு திருந்தியது. உழவர் மகளுக்கு அடுக்களை கிடைத்தது. இருவரும் பட்ட துன்பத்தை நான் நிறுத்துப் பார்க்கவில்லை. உடல் மாறும் காலத்தை ஒருவர் எப்படிக் கடப்பார் என்பதில் அவரது வர்க்கத்துக்கும் பெரும் பங்குண்டு என்பதை மட்டும் குறிக்கிறேன்.

டப்ளினிலே டிலன் ஆண்கள் அணியிற் படகோட்டினார், தாடி வளர்த்தார், சுங்கான் புகைத்தார். விடுமுறை தோறும் இங்கிலாந்துக்குச் சென்று ஹரல்ட் கில்லிஸ் என்ற சத்திரசிகிச்சை மேதையின் கீழ் வைத்தியசாலையிற் கிடந்தார். முதலாம் உலக யுத்தத்திலே முகம் சிதைந்த போர்வீரருக்கு முகம் அமைத்துக் கொடுத்தவர் கில்லிஸ். உடலின் ஓரிடத்துத் தோலைக் குழல்போலச் சுருட்டி, இரத்தவோட்டம் அறாமலே வேறிடத்துக்கு நகர்த்தும் முறையை 1917இல் கையாண்டு புகழ்பெற்றவர். அம்முறையாலேயே டிலனுக்கும் ஆணுறுப்பு அமைக்கப்பட்டது. 1946 முதல் 1949 வரை குறைந்தது பதின்மூன்று சத்திரசிகிச்சைகள். கில்லிஸ் வைத்தியசாலைப் பதிவிலே பால்மாற்றம் என்று எழுதவில்லை. பிறவியிலே சிறுநீர்த்துவாரம் இடம் மாறியமைந்த ஆண்குறைபாடு என்று எழுதினார். புண் பழுத்து டிலன் சிறிது காலம் காலை நொண்டி நடந்தபோது சகமாணவர் காரணம் கேட்டனர். யுத்தத்தில் நேர்ந்த காயம் என்றார் டிலன்.

யுத்தம் சிதைத்த உடலுக்கு அன்று எல்லோரும் எழுந்து இடங்கொடுத்தனர். தானே விரும்பி மாற்றிக்கொண்ட உடல் அந்தக் காயத்தின் பின்னால் ஒளிந்துகொண்டது. பிறப்பிற் பிழை, பிறவிக் குறைபாடு, போர்க்காயம். கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கதை தேவைப்பட்டது. உடல் சில ஆண்டுகளில் அமைதி பெற்றுவிட்டது. இந்தக் கதைகளைத்தான் அவர் வாழ்நாள் முழுதும் காத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. தம் உண்மைக் கருத்தை அவர் 1946இல் வெளியிட்ட 'சுயம்' என்ற பொருள்படும் நூலிலே எழுதினார். உள்ளத்தை உடலுக்கேற்ப மாற்ற இயலாதபோது உடலையே உள்ளத்துக்கேற்ப மாற்றுவது முறை என்பது அதன் சாரம். அங்கும் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், வேறு மனிதரைப் பற்றி எழுதும் அறிஞராகவே எழுதினார்.

1951இல் பட்டம் பெற்றுக் கப்பல் வைத்தியராகப் பணிபுரிந்தார். அக்கதைகளைத் தகர்த்தது உடலன்று. இரு அச்சுப் புத்தகங்கள். இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் வரலாற்றைப் பதியும் ஏடுகள் இரண்டுண்டு. ஒன்று டிலனைப் பட்டத்துக்கு உரிய தம்பியாக அச்சிட்டிருந்தது; மற்றது பழைய பெண்பெயரிலே தங்கையாகவே வைத்திருந்தது. 1958இல் இம்முரண்பாட்டைப் பத்திரிகைகள் மோப்பம் பிடித்தன. அமெரிக்கத் துறைமுகமாகிய பால்ரிமோரில் கப்பல் நின்றபோது நிருபர்கள் அவரைத் தேடி வந்துவிட்டனர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆணாக வாழ்ந்த மனிதர் பிறவிக் குறைபாடு என்ற பழைய கதையையே அவர்களுக்கும் சொன்னார். பெற்றோல் குழாயடியில் எவரும் கேட்காத கேள்வியைப் பட்டத்தின் பொருட்டு உலகமே கேட்டது.

அவர் இங்கிலாந்துக்கு மீளவில்லை, இந்தியாவுக்குச் சென்றார். கலிம்பொங், சாரநாத், பின்னர் லடாக்கின் ரிசொங் மடம். பௌத்த இளந்துறவியாகி லொப்சங் ஜீவகர் என்ற பெயர் பூண்டார். சிந்தாமணிச் சீவகனை நினைக்க வேண்டாம்; இவர் எடுத்துக்கொண்டது புத்தபிரானின் வைத்தியர் ஜீவகரின் பெயரை. மடத்தில் ஏழை இளந்துறவிகளோடு சமையற்கூடத்தில் வேலை செய்தார். அங்கும் முழுத் துறவுரிமை அவருக்குக் கிட்டவில்லை. 1962ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி டல்ஹவுசி வைத்தியசாலையில் இறந்தார். வயது நாற்பத்தேழு.

இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் தம் வாழ்க்கை வரலாற்றின் கையெழுத்துப் பிரதியை லண்டனுக்கு அனுப்பியிருந்தார். பிறிஸ்டல் கராஜையும் மாத்திரைகளையும் சத்திரசிகிச்சைகளையும் பொய்க் காரணங்களையும் ஒளிக்காமல் எழுதியது அதில் மட்டுமே. அரை நூற்றாண்டுக்கு மேல் அது அச்சேறாது கிடந்தது. 2016இலே அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்று அதனை வெளியிட்டது. அட்டையில் ஆசிரியர் பெயராக இரண்டு பெயர்கள் இருக்கின்றன. மைக்கல் டிலன், லொப்சங் ஜீவகர். இரண்டும் அவர் தாமே ஏற்றுக்கொண்டவை.